எந்த இடம் பிடித்தது? கொரியக் குழுக்களையும் இளையோர் நாவல்களையும் பிறரோடு பகிர்ந்துகொள்ளும் முறை

திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகும் வழியில் இருக்கும் எங்கள் ஊரில், திருவிழாவில் நாகசுரம் கேட்டுவிட்டுத் திரும்பும் பெரியவர்கள் ‘நன்றாக வாசித்தார்’ என்ற அளவில் நிறுத்திக்கொள்வதில்லை. தோடியில் எந்த இடத்தில் நின்றார், தவில் எங்கே அடங்கி வழிவிட்டது, எந்தப் பிடியைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார் என்று வீடு வந்து சேரும்வரை பேசிக்கொண்டே வருவார்கள். நாகசுரக் கலைஞர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை 1956இல் மறைந்தார். அவரை நேரில் கேட்கும் வாய்ப்பில்லாத என் அப்பாகூட, இசைத்தட்டுப் பதிவை வைத்துக்கொண்டு அவருடைய தோடியைப் பற்றி இப்படித்தான் வாதாடுவார். கொரியப் பாட்டுக் குழுக்களைப் பற்றியும் இளையோர் நாவல்களைப் பற்றியும் பேசுவதற்கு இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. ‘எந்த இடம்?’ என்று ஒருவர் கேட்டால் சொல்வதற்கு உங்களிடம் விடை இருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டை இன்னொரு முறை கேட்டுவிட்டு, அத்தியாயத்தை இன்னொரு முறை புரட்டிவிட்டு வந்து பேசலாம். ஒன்றும் குடி முழுகிவிடாது.

நான் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கிறவள். சனிக்கிழமை பிற்பகலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் கூடுவார்கள். ஆளுக்கொரு குழு, ஆளுக்கொரு புத்தகம். அங்கே நடந்த சண்டைகளிலிருந்தும் நான் செய்த தவறுகளிலிருந்தும் கற்றுக்கொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பாட்டு. புதிதாகக் கேட்பவருக்கு ஒரே ஒரு பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த பாட்டாகவே அது இருக்க வேண்டும் என்பதில்லை. அவருடைய காதுக்கு எது பக்கத்தில் இருக்கும் என்று யோசித்து எடுக்க வேண்டும். இளையராஜாவின் மெல்லிசையில் ஊறியவருக்கு முதல் பாட்டாகவே ராப்பும் இடிமுழக்கமுமாக இருப்பதைப் போட்டால், அவர் அடுப்படியில் வேலை இருப்பதாகச் சொல்லி எழுந்துவிடுவார். பாட்டு ஓடும்போது இடையில் பேசக் கூடாது என்பது என் கண்டிப்பான விதி. ‘இதோ வருகிறது பாருங்கள், இதோ இந்த இடம்’ என்று முழங்கையால் இடிப்பவர்கள், கேட்பவருக்கென்று ஓர் இடம் கிடைப்பதற்கு முன்பே அதைப் பறித்துவிடுகிறார்கள். பாட்டு முடிந்த பிறகு முதலில் அவரைச் சொல்லவிடுங்கள்.

ஆடலைக் காட்டுவதாக இருந்தால், கதைக்காட்சிகள் வெட்டி ஒட்டப்பட்ட படத்தை விட்டுவிட்டு, ஒத்திகை அறையில் ஒரே கோணத்தில் எடுத்த பயிற்சிப் படத்தைக் காட்டுவது மேல். என் மாணவி ஒருத்தி தன் அப்பாயிக்கு அப்படி ஒரு படத்தைக் காட்டினாள். அந்த அம்மாள் சற்று நேரம் பார்த்துவிட்டு, ‘இது பின்னல் கோலாட்டம்தானே, கயிறு மட்டும் இல்லை’ என்றாராம். நான் எத்தனையோ முறை விளக்க முயன்று தோற்ற விஷயம் அது. பாடுகிறவர் தன் வரி வரும்போது நடுவுக்கு வருவதும், வரி முடிந்ததும் அடுத்தவருக்கு வழிவிட்டு ஓரத்துக்கு நகர்வதும், மற்றவர்கள் அந்த இடைவெளியை நிரப்புவதுமாக அந்த ஆடல் முழுவதும் பின்னிப் பிரிகிறது. அதற்குப் பிறகு நான் யாருக்கு விளக்கினாலும் அந்தக் கோலாட்டத்தில்தான் தொடங்குகிறேன்.

அடுத்தது பெயர்கள். குழுவில் ஏழு பேர் இருந்தால் ஏழு பெயரையும் ஒரே மூச்சில் சொல்லி யாரையும் திணறடிக்க வேண்டாம். கொரியப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும். நம் தலைப்பெழுத்து முன்னால் நிற்பதைப் போல என்று சொன்னால் எவருக்கும் உடனே விளங்கிவிடும். பிடிஎஸ் குழுவின் பாட்டு தொடங்கும்போது ரசிகர்கள் கிம் நம்ஜூன், கிம் சொக்ஜின், மின் யுன்கி என்று ஏழு முழுப்பெயர்களையும் வரிசையாக முழங்குவதன் பொருளும் அப்போது பிடிபடும். ‘எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்களே’ என்று பெரியவர்கள் சொன்னால் கோபப்படாதீர்கள். முகத்தை விட்டுவிட்டுக் குரலைக் காட்டுங்கள்: அதே குழுவில் வி என்பவரின் கனத்த கீழ்க்குரலையும் ஜிமினின் மேலே எழும் மென்குரலையும் அடுத்தடுத்துக் கேட்டவர், அதன் பிறகு அந்த இருவரையும் குழப்பிக்கொள்ளமாட்டார். எல்லாரும் கொரியர்களும் அல்லர். பிளாக்பிங்க் குழுவின் லிசா தாய்லாந்துக்காரர். ட்வைஸ் குழுவின் ஒன்பது பேரில் ஜப்பானிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்தவர்கள் உண்டு.

ஆர்வத்தைத் தூண்டுவதற்கு வரலாற்றைவிட ஒரு சின்னப் புதிர் நன்றாக உதவும். 2015இல் அறிமுகமான செவன்டீன் குழுவில் பதின்மூன்று பேர்தான் இருக்கிறார்கள். பிறகு ஏன் பதினேழு என்ற பெயர்? பதின்மூன்று பேர், அவர்களுக்குள் ராப், பாட்டு, ஆட்டம் என்று மூன்று பிரிவுகள், எல்லாரும் சேர்ந்து ஒரே குழு. கூட்டிப் பார்த்தால் பதினேழு. இதைக் கேட்ட ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் அன்று இரவே அந்தக் குழுவின் பாட்டைத் தேடிக் கேட்டுவிட்டு வந்தான்.

ரசிகர்களின் சொற்களை ஒருமுறை விளக்கிவிட்டுப் பிறகு பயன்படுத்துங்கள். குழுவில் உங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானவர் ‘பயாஸ்’. அந்த இடத்தை அவ்வப்போது ஆட்டம் காண வைக்கும் இன்னொருவர் ‘பயாஸ் ரெக்கர்’. குழுவில் வயதில் இளையவர் ‘மக்னே’. ‘கம்பேக்’ என்ற சொல்தான் பெரிய குழப்பம். எங்கேயோ போயிருந்தவர் திரும்பி வருவதாக நினைத்து, ‘ஏன், இத்தனை நாள் எங்கே போயிருந்தார்கள்?’ என்று கேட்பார்கள். ஆறு மாத இடைவெளியில் புதிய பாட்டை வெளியிட்டு மேடை ஏறினாலும் அதற்குப் பெயர் கம்பேக்தான்.

‘மொழியே புரியாமல் என்ன பாட்டு?’ என்ற கேள்வி உறுதியாக வரும். நம் ஊரில் இதற்கு விடை சொல்வது எளிது. திருவையாற்றில் ஆண்டுதோறும் தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடும்போது, பந்தலில் உட்கார்ந்து தாளம் போடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெலுங்கும் சமஸ்கிருதமும் தெரியும் என்று பணிவாகக் கேளுங்கள். பணிவாக என்பதைக் கவனியுங்கள். மாமாவிடம் வெற்றிக் களிப்போடு கேட்டால் உங்கள் கைப்பேசிதான் பறிபோகும். கேட்டதோடு நிறுத்தாமல், வரிகளின் பொருளை மொழிபெயர்ப்பில் படித்து, உங்களைத் தொட்ட இரண்டு வரியைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்.

கொரிய மொழியிலும் தந்தையை ‘அப்பா’ என்று அழைக்கிறார்கள். தாயைக் குறிக்கும் ‘ஒம்மா’வும் நம் அம்மாவுக்குப் பக்கத்தில் வருகிறது. இதைச் சொன்னால் வீட்டில் அனைவரும் திரும்பிப் பார்ப்பார்கள், சொல்லுங்கள். ஆனால் அங்கிருந்து இரு மொழிகளும் ஒரே மொழி என்றும், கொரியாவின் பழைய அரசி ஒருவர் நம் கடற்கரையிலிருந்து கப்பலேறிப் போனார் என்றும் தாவிவிடாதீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட சம்குக் யுசா என்ற கொரிய நூல், அந்த அரசி ‘அயுதா’ என்னும் நாட்டிலிருந்து வந்ததாகச் சொல்கிறது; அது எந்த ஊர் என்பதில் இன்றும் கருத்து ஒன்றுபடவில்லை.

குழுவுக்குக் குழு மூளும் சண்டையைப் பற்றி ஒரு சொல். எத்தனை கோடிப் பார்வைகள், எந்தப் பட்டியலில் எத்தனையாவது இடம் என்பவை செய்திகள். அவை உங்கள் கருத்து ஆகமாட்டா. 2020இல் பிடிஎஸ் குழுவின் ‘டைனமைட்’ பாட்டு அமெரிக்கப் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்தது உண்மை. அது உங்களுக்கு ஏன் பிடித்தது என்பதற்கு அந்த உண்மை விடை சொல்லாது. ஃபோட்டோகார்டு, அதாவது குழுவினரின் படம் அச்சிட்ட சிறு அட்டை, மாற்றிக்கொள்பவர்கள் நேரில் தெரிந்தவர்களோடு மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்; முகம் தெரியாதவருக்குப் பணமோ வீட்டு முகவரியோ அனுப்ப வேண்டாம்.

பாட்டிலிருந்து புத்தகத்துக்குப் போக ஒரு நல்ல பாலம் இருக்கிறது. பிடிஎஸ் குழுவின் 2016ஆம் ஆண்டு ‘விங்ஸ்’ தொகுப்பு, ஹெர்மன் ஹெஸ்ஸே 1919இல் வெளியிட்ட ‘டெமியான்’ என்ற நாவலின் தூண்டுதலில் உருவானது. ஒரு சிறுவன் தன்னைத் தானே கண்டடையும் கதை அது. 2017இல் வந்த ‘ஸ்பிரிங் டே’ பாட்டின் படத்தில் விடுதி ஒன்றின் பெயர்ப்பலகையில் ‘ஒமெலாஸ்’ என்று எழுதியிருக்கும். அர்சுலா லெ குவின் எழுதிய சிறுகதை ஒன்றில் வரும் நகரத்தின் பெயர் அது. இந்தப் பலகையைப் பார்த்துவிட்டு அந்தக் கதையைத் தேடிப் படித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். புத்தகமே தொடாத நண்பருக்குப் புத்தகத்தை அறிமுகப்படுத்த அந்தப் பெயர்ப்பலகையையே வழியாகக் கொள்ளுங்கள்.

இளையோர் நாவல் என்றால் என்ன என்று கேட்பவருக்கு, ஏறத்தாழ பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதுவரை உள்ளவர்களை மனத்தில் வைத்து, அந்த வயதுக்காரரையே நாயகராக நிறுத்தி எழுதப்பட்டது என்று சொல்லலாம். சிறுவர் கதையின் நீட்டிப்பாக அதைக் கருதுவது தவறு. இவ்வகையின் தொடக்கங்களில் ஒன்றாகப் பலரும் சுட்டும் ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளிவந்தது. அதை எழுதிய எஸ். இ. ஹிண்டன் அப்போது பதின்ம வயதைத் தாண்டாதவர். எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் சிறுவர் தட்டிலிருந்து நேராகப் பெரியவர்கள் தட்டுக்குத்தான் தாவ வேண்டும். இடையில் ஒரு தட்டு இல்லாத குறையால்தான் பிள்ளைகள் ஆங்கில நாவல்களைத் தேடிப் போகிறார்கள் என்பது என் எண்ணம்.

கருத்துச் சொல்லும்போது முதல் கேள்வி, கதையை எதுவரை சொல்வது என்பது. சுசான் காலின்ஸ் 2008இல் எழுதிய ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை எடுத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாவட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாக இருபத்து நான்கு இளையோரைக் குடவோலை போலச் சீட்டெடுத்துத் தேர்ந்தெடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை போரிட விடுகிறார்கள்; தங்கையின் பெயர் வந்தவுடன் அக்காள் முன்வந்து அந்த இடத்தை ஏற்கிறாள். இவ்வளவும் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால் தாராளமாகச் சொல்லலாம். இதற்கு மேல் ஒரு வரிகூடச் சொல்லாதீர்கள். நான் ஒருமுறை வேறொரு நாவலைப் பற்றி உற்சாகத்தில் பேசிக்கொண்டே போய், இறுதியில் யார் இறக்கிறார் என்பதையும் உளறிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த பெண் அதைப் பாதிவரை படித்திருந்தாள். இரண்டு வாரம் அவள் திண்ணைப் பக்கமே வரவில்லை. அவள் மேல் தவறு இல்லை.

‘சூப்பர்’, ‘செம போர்’ என்பவற்றுக்குப் பிறகு ஒரு வாக்கியம் வர வேண்டும். ‘அந்தப் பெண் அம்மாவிடம் பொய் சொல்லும் இடத்தில், அவள் சொல்லும் பொய்யைவிட அவள் கையில் இருக்கும் பாத்திரத்தைப் பற்றியே ஆசிரியர் எழுதியது எனக்குப் பிடித்தது’ என்று ஒரு மாணவன் சொன்னான். அவன் சொன்ன புத்தகத்தை அன்று மூன்று பேர் இரவல் கேட்டார்கள். பிடிக்காததைச் சொல்லவும் இதே வழிதான். ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதும் ‘சரியாக எழுதப்படவில்லை’ என்பதும் வெவ்வேறு. கதாநாயகி பிடிவாதக்காரியாக இருப்பது பாத்திரத்தின் குறை. காரணம் காட்டாமல் ஒரே அத்தியாயத்தில் அவள் மனம் மாறிவிடுவது எழுத்தின் குறை. இருவரில் யாரைக் காதலிப்பது என்று நாயகி முந்நூறு பக்கம் தவிக்கும் நாவல்களில் எனக்குப் பொறுமை குறைவு. அதை என் குறையாகவே முதலில் அறிவித்துவிட்டுத்தான் அவற்றைப் பற்றிப் பேசுவேன்.

நண்பருக்கு உயிரான புத்தகம் உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால், அவருக்குப் பிடித்த இடத்தைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் குரலில் கேட்ட பிறகும் பிடிக்காவிட்டால் அப்போது சொல்லலாம். தற்கொலை, வன்முறை, வீட்டுக்குள் நடக்கும் கொடுமை ஆகியவை இந்நாவல்களில் அடிக்கடி வருவதால், இரவல் கொடுப்பதற்கு முன் அவற்றை மட்டும் எச்சரித்துவிட வேண்டும். அது கதையைக் கெடுப்பதாகாது. தமிழ்வழியில் படிக்கும் நண்பருக்கு ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் திணித்துவிட்டுப் போகாமல், முதல் அத்தியாயத்தை உடனிருந்து தமிழில் சொல்லிக்கொடுத்தால் இரண்டாவதை அவரே தொடங்கிவிடுவார். திருட்டுப் பிடிஎஃப் அனுப்புவதை நான் ஏற்பதில்லை. மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகக் காட்சியில் இரண்டு பேர் காசு சேர்த்து ஒரு பிரதி வாங்கலாம்.

இரவல் கொடுக்கும் பிரதியில் உங்களுக்குப் பிடித்த இடத்தைப் பென்சிலால் கோடிட்டுவிடாதீர்கள். அந்தப் பக்கத்தின் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் திரும்பி வரும்போது முதலில் அவருடைய பக்கத்தைக் கேட்டுக்கொண்டு, அதன் பிறகு உங்கள் தாளை எடுத்துக் காட்டலாம்.