முழங்கால் வலியோடு பெரிய கப்பலில்: அப்பா அம்மாவை க்ரூஸ் கூட்டிப்போகும் முன்

அமெரிக்காவுக்கு வந்திருக்கும் அப்பா அம்மாவை ஃப்ளோரிடாவிலிருந்து கிளம்பும் கரீபியன் க்ரூஸ் ஒன்றில் ஏற்றிவிடுவது நம் குடும்பங்களில் இப்போது வழக்கமாகிவிட்டது. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும், ஊர் ஊராகக் கப்பலே கொண்டுபோகும், சாப்பாடும் அங்கேயே, வயதானவர்களுக்கு இதைவிடச் சௌகரியம் வேறில்லை என்று சொல்லித்தான் டிக்கெட் போடுகிறோம். அதில் பாதிதான் சரி. ராயல் கரீபியன் என்ற க்ரூஸ் நிறுவனத்தின் ஒயாசிஸ் வகைக் கப்பல்கள் ஏறக்குறைய 360 மீட்டர் நீளம். 2024-இல் ஓடத் தொடங்கிய அதே நிறுவனத்தின் ஐகான் ஆஃப் த சீஸ் கப்பல் 365 மீட்டர், 20 தளங்கள். ஒயாசிஸ் வகையில் பெரிய நாடக அரங்கம் முன்கோடியில், பெரிய சாப்பாட்டு அறை பின்கோடியில். காலை டிபன், மதியச் சாப்பாடு, ராத்திரி ஷோ என்று ஒரு நாளில் நாலு தரம் போய்வந்தாலே இரண்டு கிலோமீட்டர் ஆகிவிடும். படி ஏற வேண்டாம், லிப்ட் இருக்கிறது, ஆனால் ஆளைச் சாய்ப்பது இந்தத் தூரம்தான்.

அதனால் முதல் வேலை, டிக்கெட் போடுவதற்கும் முன்னால், அவர்கள் உண்மையில் எவ்வளவு நடப்பார்கள் என்று தெரிந்துகொள்வது. கேட்டால் "நான் நல்லாத்தானே நடக்கிறேன்" என்றுதான் பதில் வரும். ஒரு நாள் காஸ்ட்கோவுக்குக் கூட்டிப்போய், வண்டியைப் பிடித்துக்கொள்ளாமல் கடை முழுவதையும் ஒரு சுற்று வரச் சொல்லுங்கள். நடுவில் உட்கார இடம் தேடினால் கப்பலுக்கு வெறும் கைத்தடி போதாது. அதை அங்கேயே வைத்துப் பேசிவிடுங்கள், கிளம்பும் வாரத்தில் பேசினால் சண்டைதான் வரும். வீல்சேர் என்றதும் "நான் என்ன நோயாளியா?" என்பார்கள். ஏழு நாளும் கேபினுக்குள் முடங்கிக் கிடக்க வேண்டாம், இது இருந்தால் எங்களோடு எல்லா இடத்துக்கும் வரலாம் என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலானவர்கள் இறங்கி வருவார்கள்.

கப்பலில் வீல்சேர் இருக்குமே, எதற்குக் கொண்டுபோக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கும், ஆனால் அது பொதுவாக ஏறும்போதும் இறங்கும்போதும் அவசரத்துக்கும் மட்டும். ஏற்றிவிட்டதும் அடுத்தவரைக் கூட்டிவரப் போய்விடும். நாள் முழுக்க வேண்டுமென்றால் சொந்தமாகக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் வாடகைக்கு எடுக்க வேண்டும். ஸ்கூட்டரவுண்ட், ஸ்பெஷல் நீட்ஸ் அட் ஸீ போன்ற நிறுவனங்கள் வீல்சேர், பேட்டரி ஸ்கூட்டர் எல்லாம் வாடகைக்குத் தந்து கேபினுக்கே கொண்டுவந்து வைத்துவிடுகின்றன. கொஞ்ச தூரம் நடக்கக்கூடியவர்களுக்கு என் தேர்வு, பிரேக்கும் உட்காரும் பலகையும் உள்ள நான்கு சக்கர வாக்கர். நடப்பார்கள், களைத்தால் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொள்வார்கள், கௌரவப் பிரச்சினையும் வராது. ஸ்கூட்டர் எடுத்தால் அகலத்தைப் பாருங்கள். சாதாரண கேபின் கதவு பல கப்பல்களில் 60 சென்டிமீட்டருக்கும் குறைவு, அதில் பெரிய ஸ்கூட்டர் நுழையாது. காரிடாரில் நிறுத்தவும் விடமாட்டார்கள், ஆபத்து நேரத்தில் அது எல்லோருக்கும் வழியை அடைக்கும். சொந்த ஸ்கூட்டரை விமானத்தில் கொண்டுவருவதாக இருந்தால், கழற்றக்கூடிய லித்தியம் பேட்டரிக்கு 300 வாட்-மணி வரைதான் பொது வரம்பு, விமான நிறுவனத்திடம் முன்பே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும்.

அடுத்தது கேபின். இதில்தான் பயணமே நிற்கிறது, இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எல்லோரும் சொல்லும் அறிவுரை "கப்பலின் நடுவில் எடு, ஆட்டம் குறைவு" என்பது. ஆட்டத்தைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் ஒயாசிஸ் வகையில் லிப்ட்கள் இரண்டே கூட்டமாக இருக்கின்றன, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. சரியாக நடுவில் கேபின் எடுத்தால் இரண்டு லிப்டுக்கும் தூரம், நீளமான காரிடாரில் தடித்த கம்பளத்தின் மேல் நடக்க வேண்டும், வாக்கர் சக்கரம் வேறு அதில் இழுக்கும். தளவரைபடம் இணையத்தில் கிடைக்கிறது. அதில் லிப்ட் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்து ஐந்தாறு கதவுக்குள் ஒரு கேபினைத் தேர்ந்தெடுங்கள், லிப்டுக்கு நேர் எதிரே வேண்டாம், கூட்டத்தின் சத்தம் வரும். முன் லிப்டா, பின் லிப்டா? அவர்களுக்கு எது முக்கியம் என்று பாருங்கள். என் கருத்தில் சாப்பாட்டு இடங்களுக்குப் பக்கமாக இருக்கும் பின் லிப்ட்தான் நல்லது, ஷோவுக்கு ஒரு வேளை போகிறோம், சாப்பிட மூன்று வேளை போகிறோம். விலை குறைவு என்று கேபின் எண்ணை நிறுவனமே பிறகு ஒதுக்கும் வகை டிக்கெட்டை மட்டும் வாங்காதீர்கள், எந்தக் கோடியில் தள்ளுவார்கள் என்று சொல்ல முடியாது.

வீல்சேரிலேயே இருப்பவர் என்றால் அதற்கென்றே உள்ள கேபின்தான் வேண்டும். ராயல் கரீபியனில் அவற்றின் கதவு குறைந்தது 81 சென்டிமீட்டர் அகலம், வீல்சேர் திரும்ப இடம், குளியலறையில் தடுப்பில்லாத தரை, கைப்பிடி, உட்கார்ந்து குளிக்க மடக்குப் பலகை எல்லாம் உண்டு. இவை கொஞ்சம்தான், சீக்கிரம் போய்விடும், அதனால் பல மாதம் முன்பே பதிவு செய்யுங்கள். தேவையில்லாதவர்கள் இடம் பெரிது என்பதற்காக இவற்றை எடுப்பது தவறு, உண்மையில் வேண்டியவர் ஒருவரின் பயணமே அதனால் நின்றுபோகும். சாதாரண கேபின் எடுப்பவர்கள் குளியலறை வாசலைக் கவனியுங்கள், அங்கே உயரமான ஒரு விளிம்பு இருக்கும், ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கால் தட்டும். ஒரு சின்ன பேட்டரி விளக்கு கொண்டுபோய் அங்கே வையுங்கள். குளியலறை ஸ்டூல், உயர்த்திய டாய்லெட் இருக்கை போன்றவற்றை முன்பே படிவத்தில் கேட்டால் பெரும்பாலான கப்பல்களில் காசு வாங்காமல் தருகிறார்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னால் கேளுங்கள். டாய்லெட்டில் கைத்தெளிப்பான் இருக்காது, ஒரு மக் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பதில் கூச்சமே வேண்டாம். வெளிநாட்டுக் கொடி பறக்கும் க்ரூஸ் கப்பலாக இருந்தாலும், அமெரிக்கக் கடற்பகுதியில் இருக்கும்போது அந்நாட்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அதற்கும் பொருந்தும் என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2005-இல் சொல்லியிருக்கிறது.

கப்பலுக்குள் வந்தபின் பெரிய தொல்லை லிப்ட் கூட்டம். ஏறிய நாள் மதியம், ஷோ முடிந்த அரைமணி, துறைமுகத்திலிருந்து எல்லோரும் திரும்பும் சாயங்காலம், கடைசி நாள் காலை, இந்த நேரங்களில் வீல்சேரோடு ஐந்தாறு லிப்டை விட்டுவிட்டு நிற்க வேண்டியிருக்கும். இரண்டு தளம் இறங்க லிப்டில் அடைத்துக்கொண்டு நிற்கும் இளவயதுக்காரர்களைப் பார்த்தால் எனக்கு ஆறவே ஆறாது. உங்கள் பிள்ளைகளையாவது படியில் போகச் சொல்லுங்கள். ஷோவுக்கு அரைமணி முன்பே போய், வாசலருகே வீல்சேருக்கென்று உள்ள இடத்தைக் கேட்டு உட்காருங்கள், முடிந்ததும் உடனே எழாமல் பதினைந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்புங்கள். கீழே இறங்கும் லிப்ட் நிரம்பியே வந்தால், மேலே போகும் ஒன்றில் ஏறிக்கொண்டு அதிலேயே திரும்பி வருவது பல நேரம் சீக்கிரம்.

ஒயாசிஸ் வகையில் 5-ஆம் தளத்தில் கடைவீதி மாதிரி ராயல் ப்ராமனேட் இருக்கிறது, முன்னும் பின்னும் போக அதுதான் சமமான, அகலமான வழி. அங்கிருந்து 8-ஆம் தளத்துக்கு மெல்ல ஏறி இறங்கும் ரைசிங் டைட் பார் என்று ஒன்று உண்டு, வேடிக்கைக்கு ஒருமுறை போகலாம், லிப்டாக நம்பாதீர்கள். 8-ஆம் தளத்தில் வானம் தெரியும் சென்ட்ரல் பார்க், ஆயிரக்கணக்கான நிஜச் செடிகள், உட்கார இடங்கள். வயதானவர்களுக்குக் கப்பலில் இதைவிட நல்ல இடம் இல்லை, சாயங்காலம் அங்கே உட்காரவைத்தால் எழவே மனம் வராது. பஃபேயில் தட்டைத் தூக்கிக்கொண்டு அலையவிடாதீர்கள். ஊழியரிடம் சொன்னால் எடுத்துவந்து தருவார்கள், இரவில் மேசைக்கே பரிமாறும் அறைக்குப் போங்கள், லிப்ட் பக்கமாக ஒரே மேசையைத் தினமும் தரச் சொல்லிக் கேளுங்கள். திறந்த தளத்துக்குப் போகும் கதவுகளில் காற்று பலமாக அடிக்கும், கீழே விளிம்பும் இருக்கும், யாராவது முன்னால் போய்க் கதவைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

துறைமுகங்களில் ஒரே கேள்வி: கப்பல் மேடையில் கட்டுமா, கடலில் நங்கூரம் போட்டு டெண்டர் என்ற சின்னப் படகில் கரைக்குக் கொண்டுபோவார்களா? மெக்சிகோவின் கோசுமெலிலும் பஹாமாஸின் தலைநகர் நாசாவிலும் கட்டும், ஆனால் நடக்க வேண்டிய மேடை நீளம். கிராண்ட் கேமன் தீவில் டெண்டர்தான். கப்பலும் படகும் தனித்தனியாக ஆடிக்கொண்டிருக்கும்போது அந்த இடைவெளியைத் தாண்டி அடி எடுத்துவைக்க வேண்டும், வீல்சேரைவிட்டு இறங்க முடியாதவர்களை அலை இருந்தால் ஏற்றவே மாட்டார்கள், கனமான ஸ்கூட்டரையும் மறுக்கலாம். எனவே அந்த ஊரில் காசு கட்டிச் சுற்றுலா போடுவதற்கு முன் கேளுங்கள். ராயல் கரீபியனின் சொந்தத் தீவான கோகோகேயில் 2019-லிருந்து கப்பல் மேடையிலேயே கட்டுகிறது, மணலில் போகும் பெரிய சக்கர வீல்சேர்களும் உண்டு, முதலில் கேட்பவருக்கு முதலில். ஏறி இறங்கும் சரிவுப்பாலம் கடல்மட்டத்தைப் பொறுத்துச் செங்குத்தாகிவிடும், அப்போது தள்ள ஊழியரைக் கூப்பிடுங்கள், நீங்களே வீரம் காட்ட வேண்டாம்.

ஏறிய அன்றே அவசரகாலக் கூடுமிடத்தை அவர்களையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள். ஆபத்து நேரத்தில் லிப்டை நம்ப முடியாது. படி இறங்க முடியாதவர் இந்தக் கேபினில் இருக்கிறார் என்று வரவேற்பு மேசையில் சொல்லிப் பதிவு செய்யுங்கள், தூக்கிச்செல்ல ஆள் அனுப்புவதற்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம்.

இறங்கும் நாளுக்கு வீல்சேர் உதவியை ஒருநாள் முன்பே எழுதிவையுங்கள், எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று சொல்வார்கள். பெட்டிகளை முந்தைய ராத்திரியே வெளியே வைத்துவிட வேண்டும். மாத்திரை, இன்சுலின், செருப்பு, மறுநாள் உடுப்பு எல்லாம் கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.