வில்லங்கச் சான்றிதழ் சொல்லாதவை: வடசென்னையில் பழைய ஃப்ளாட் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை பக்கம் மறுவிற்பனைக்கு வரும் ஃப்ளாட்டைப் பார்க்கச் செல்பவர்களில் பலர், வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருந்தால் வீட்டிலும் வில்லங்கமில்லை என்று நம்பிவிடுகிறார்கள். பதிவான கிரயம், அடமானம் போன்றவற்றைத்தான் அந்தச் சான்றிதழ் காட்டும். ஃப்ளாட் உரிமையாளர் சங்கத்துக்குச் சேர வேண்டிய பராமரிப்புப் பாக்கியையோ, மழைக்காலத்தில் சம்ப் எனும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியில் கலக்கும் சாக்கடை நீரையோ அது காட்டாது. விற்பவருக்கு இவையெல்லாம் அத்துப்படி.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதும் தவறு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவின்படி, விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியக் குறைகளைச் சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலே தெரியக்கூடிய குறைகளுக்கு அந்தக் கடமை பொருந்தாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால் கடமையே மாறிவிடும்.

ஆகவே கண்ணை நம்ப வேண்டும். தரைத்தளச் சுவரில் முழங்கால் உயரம் வரை மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, மின்மீட்டர்கள் பழைய பலகையை விட்டு மேலே ஏற்றி மாட்டப்பட்டிருந்தாலோ, 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் எதுவரை நின்றது என்று எதிர்வீட்டில் கேட்கலாம். தரகரிடம் கேட்டுப் பயனில்லை. பத்திரம் முடிந்தால்தான் அவருக்குக் கமிஷன்.

சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதுதான், என் கணிப்பில், எல்லாவற்றிலும் பெரிய தவறு. எட்டு வீடுகள் உள்ள சிறிய கட்டடத்தில் அது ஓய்வுபெற்ற ஒருவர் கைப்பட எழுதும் நோட்டாகக்கூட இருக்கலாம். ஆனால் லாரித் தண்ணீருக்கான செலவு எந்த மாதங்களில் ஏறுகிறது, மோட்டார் எத்தனை முறை பழுதானது, மொட்டைமாடி ஒழுக்கை அடைக்கப் பணம் தர மறுத்தவர் யார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கட்டடம் நிற்கும் நிலத்தில் ஃப்ளாட்டுக்கு உரிய பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்பதை மூலப்பத்திரத்தோடு ஒப்பிடுவதை வழக்கறிஞரிடம் விட்டுவிடலாம்.

குறையை ஒளிக்காமல் சொன்னவரிடமே அடிமாட்டு விலைக்குக் கேட்பதும் ஒரு தவறுதான். வாங்குபவரால் தரம் பிரித்தறிய முடியாதபோது விலை சராசரிக்கு இறங்கி, நல்ல பொருள் வைத்திருப்பவர்கள் சந்தையை விட்டே விலகிவிடுவார்கள் என்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். 2001இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஒழுக்கைச் சொன்னவரிடம் அதைச் சரிசெய்யும் செலவை மட்டும் கழித்துக் கேட்டால் பேச்சு முறியாது. அவர் வாய்மொழியாகச் சொன்னவற்றையும், பாக்கி இல்லை என்ற சங்கத்தின் கடிதத்தையும் கிரய ஒப்பந்தத்தில் சேர்த்த பிறகே முன்பணம் கைமாற வேண்டும்.