பழைய அட்டவணையில் இருக்கும் உனுன்பியத்தை வாசிப்பது எப்படி?

கல்முனையிலோ களுவாஞ்சிக்குடியிலோ உங்கள் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் தொங்குவது 2010க்கு முந்திய ஆவர்த்தன அட்டவணை என்றால், ஏழாம் வரிசைக் கடைசியில் உனுன்பியம், உனுன்குவாடியம் என்று வாயில் நுழையாத பெயர்கள் கிடக்கும். உயர்தரம் படிக்கிற தம்பி தங்கச்சிமாரே, தயவுசெய்து இதைப் பாடமாக்க வேண்டாம், அணுவெண் தெரிந்தால் பெயரை நீங்களே கட்டலாம்.

கொப்பியில் 112 என்று எழுதி இலக்கம் இலக்கமாகப் பிரியுங்கள். 0 நில், 1 உன், 2 பி, 3 ட்ரி, 4 குவாட், 5 பென்ட், 6 ஹெக்ஸ், 7 செப்ட், 8 ஒக்ட், 9 என். கடைசியில் இயம். உன், உன், பி, இயம். பக்கத்தில் பக்கத்தில் வருகிற இரண்டு இகரத்தில் ஒன்றை விட்டுவிட்டால் உனுன்பியம், அவ்வளவுதான். இன்னும் யாரும் உருவாக்காத 120க்கும் இப்போதே பெயர் சொல்லலாம்: உன்பினிலியம்.

இது தற்காலிகப் பெயர். நிரந்தரப் பெயரை முன்மொழியும் உரிமை கண்டுபிடித்தவர்களுக்குத்தான். 112ஐ 1996 பெப்ரவரி 9இல் ஜேர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் உருவாக்கினார்கள், நாகத்தின் கருவை ஈயத்தோடு மோதவிட்டு. 30ஐயும் 82ஐயும் கூட்டிப் பாருங்கள், எவ்வளவு அழகான கணக்கு! அப்படிக் கிடைத்த சமதானியின் அரைவாழ்வுக் காலம் ஒரு மில்லிசெக்கன்கூட இல்லை. அவர்கள் கேட்டது கொப்பர்நிக்கஸின் பெயர், குறியீடு சிபி. ஆனால் லுற்றீசியத்தைக் கசியோப்பியம் என்று அழைத்த காலத்தில் அதே சிபி அதற்கு இருந்தது, குழப்பம் வரும் என்று சிஎன் ஆக்கினார்கள். 2010 பெப்ரவரி 19, கொப்பர்நிக்கஸின் பிறந்தநாளன்று, கொப்பர்நீசியம் உறுதியானது.

நினைத்த பெயரையெல்லாம் வைக்க முடியாது. புராணம் அல்லது வானப்பொருள், கனியம், இடம், மூலகத்தின் இயல்பு, விஞ்ஞானி, இதில் ஒன்றிலிருந்துதான் வரவேண்டும். முடிவையும் பாருங்கள், அது கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும்: 17ஆம் கூட்டம் 'இன்', 18ஆம் கூட்டம் 'ஒன்', மற்றதெல்லாம் 'இயம்'.

சரி, இனி ஒரு வெள்ளைத் தாளை வெட்டி அட்டவணையில் ஒட்டுங்கள்: 112 கொப்பர்நீசியம், 113 நிஹோனியம், 114 பிளெரோவியம், 115 மொஸ்கோவியம், 116 லிவர்மோரியம், 117 டென்னசின், 118 ஒகனெசன்.