உணவுப் பாதுகாப்பு ஆய்வை எதிர்கொள்வது எப்படி: புதிதாகப் பலகாரக் கடை வைப்போருக்கு

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வீட்டில் கைமுறுக்கும் தேன்குழலும் சுட்டு விற்றவர்கள் கடை எடுக்கும்போது, ஆய்வு என்ற சொல்லுக்கே அஞ்சுவதைப் பார்க்கிறேன். ஆய்வின் ஒவ்வொரு கட்டமும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் அச்சம் குறையும், கடையும் சுத்தமாக இருக்கும்.

முதற்படி, வருபவர் யார் என்று அறிவது. குப்பை, சாக்கடை, தொழில் உரிமம், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டுள்ள ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஆகியவற்றை உள்ளாட்சியின் சுகாதாரப் பிரிவினர் பார்ப்பார்கள். உணவைச் சோதிப்பவர் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் கீழ் அமர்த்தப்பட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலர். அவருக்கு மேல் மாவட்ட அளவில் நியமன அலுவலர் இருக்கிறார். அடையாள அட்டையைக் காட்டும்படி பணிவாகக் கேட்பதில் தவறில்லை.

இரண்டாவது, காகிதங்கள். அதே சட்டத்தின் கீழ் பெற்ற, 14 இலக்க எண் கொண்ட பதிவுச் சான்றோ உரிமமோ வாடிக்கையாளர் கண்ணில் படும் இடத்தில் மாட்டப்பட்டிருக்க வேண்டும். பணியாளர்களின் ஆண்டு மருத்துவச் சான்றையும் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையையும் ஒரே கோப்பில் வையுங்கள். எண்ணெய், உளுந்து, கடலைமாவு வாங்கிய பில்களை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள். கலப்படம் மூலப்பொருளிலேயே இருந்திருந்தால், அது யாரிடமிருந்து வந்தது என்று காட்ட உங்களிடம் வேறு சான்று இராது.

மூன்றாவது, அடுப்படி. பலகாரக் கடையில் பார்வை முதலில் எண்ணெய்ச் சட்டிக்குத்தான் போகும். பொரித்த எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் மீண்டும் மீண்டும் காய்வதால் உண்டாகும் சிதைவுப் பொருட்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. இதை அளக்கும் கருவி இல்லாதவர்கள், எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி, விளிம்பில் நுரை அடங்காமல் நின்றால் மாற்றிவிடுங்கள்; பழைய எண்ணெயோடு புதியதை ஊற்றிச் சமாளிக்காதீர்கள். சட்டியிலிருந்து எடுத்த முறுக்கை நாளிதழில் பரப்பி எண்ணெய் வடிப்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. சூடான எண்ணெய் அச்சு மையைக் கரைத்து முறுக்கில் ஏற்றிவிடும்; குழந்தைகள் தின்னும் பண்டத்துக்கு இதைச் செய்யலாகாது. துளையிட்ட எவர்சில்வர் தட்டு ஒன்று போதும்.

நான்காவது கட்டமான மாதிரி எடுப்பதில்தான் உங்கள் கவனம் முழுவதும் தேவை. பகுப்பாய்வுக்கு எடுப்பதாக அலுவலர் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்து, வழக்கமான விற்பனை விலையையும் தர வேண்டும். மாதிரி நான்கு பாகங்களாகப் பிரிக்கப்பட்டு, தாளில் சுற்றி, நூலால் கட்டி, முத்திரையிடப்படும்; உங்கள் கையெழுத்தின் ஒரு பாதி ஒட்டுச்சீட்டிலும் மறுபாதி சுற்றிய தாளிலும் விழும்படி வாங்குவார்கள், பிறகு பொட்டலத்தைப் பிரித்தால் தெரிந்துவிடும் என்பதற்காக. ஒரு பாகம் உணவுப் பகுப்பாய்வாளருக்கும் இரண்டு பாகங்கள் நியமன அலுவலருக்கும் செல்லும். நான்காவது பாகத்தை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. கேட்பதானால் அப்போதே கேளுங்கள். பகுப்பாய்வாளரின் அறிக்கையும் அந்த ஆய்வகத்தின் அறிக்கையும் முரண்பட்டால், நியமன அலுவலர் தம்மிடமுள்ள ஒரு பாகத்தை அனுப்பும் மேலாய்வகத்தின் முடிவே இறுதி. பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதை ஏற்க இயலாவிட்டால் 30 நாட்களுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

கடைசியாக, குறை கண்டால் வரும் மேம்பாட்டு அறிவிப்பு. என்ன குறை, எப்படிச் சரிசெய்வது என்பதை அதில் எழுதி, 14 நாட்களுக்குக் குறையாத கெடு தர வேண்டும். கெடுவைக் கடந்தால் உரிமம் இடைநிறுத்தப்படலாம். சுகாதாரமற்ற முறையில் உணவு தயாரித்ததற்கு மட்டும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மாவட்ட வருவாய் அலுவலருக்கு அதிகாரம் உண்டு. சிறிய கடைக்கு அது தாங்காது. ஆகவே அறிவிப்பு வந்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். முடிந்ததும் படங்களையும் செலவு ரசீதுகளையும் இணைத்து நியமன அலுவலருக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் நகலில் வாங்கி, மருத்துவச் சான்றுகள் இருக்கும் அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.