சாலிட்வொர்க்ஸ் அசெம்பிளியில் பிழைக் குறிகள்: எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

முப்பரிமாண வரைவு மென்பொருளான சாலிட்வொர்க்ஸில், பல பாகங்களைச் சேர்த்துப் பொருத்திய அசெம்பிளியைத் திறந்ததும் இடப்பக்க மரம் முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகக் குறிகள் தெரிந்தால், புதிதாகக் கற்பவர்கள் பலர் எல்லா மேட்களையும் (பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் கட்டுப்பாடுகளை) அழித்துவிட்டு முதலிலிருந்து பொருத்தத் தொடங்குகிறார்கள். இது வீண் வேலை. தவறான மேட் ஒன்றே ஒன்று இருந்தாலும், அதனோடு முரண்படும் மற்ற மேட்களும் சேர்ந்து பிழை காட்டும். மூலப் பிழையைத் தேடும் முறையைப் சுழலும் தண்டைத் தாங்கும் பிளம்மர் பிளாக் ஒன்றை வைத்துப் பார்ப்போம்.

முதலில், 'பேக் அண்ட் கோ' வழியாக முழு அசெம்பிளியையும் தனி ஃபோல்டரில் நகலெடுத்து, அந்த நகலைத் திறந்து கண்ட்ரோல், கியூ விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். எல்லாம் புதிதாகக் கணக்கிடப்படும். சில பிழைகள் இதிலேயே மறைந்துவிடும்.

அடுத்து, பாகத்தின் பெயருக்கு முன்னுள்ள குறியைப் படியுங்கள். (எஃப்) என்றால் அந்தப் பாகம் இடத்தில் நிலைநிறுத்தப்பட்டுள்ளது. கழித்தல் குறி என்றால் இன்னும் நகர இடமிருக்கிறது. கூட்டல் குறி என்றால் கட்டுப்பாடுகள் தேவைக்கு மேல் போய் முரண்படுகின்றன. போல்ட்டின் முன் கழித்தல் குறி இருப்பது பிழையன்று, அது தன் அச்சில் சுழலக்கூடியது என்பதே பொருள். அந்தக் குறியை நீக்குவதற்காகவே கூடுதல் மேட் போடுவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம்.

ஒரு பாகம் கண்ணுக்கே தெரியாவிட்டால், அது மறைக்கப்பட்டுள்ளதா, சப்ரெஸ் செய்யப்பட்டுள்ளதா (தற்காலிகமாக நிறுத்தப்பட்டுள்ளதா) என்று பாருங்கள். மறைத்த பாகத்தின் மேட்கள் தொடர்ந்து இயங்கும். சப்ரெஸ் செய்த பாகமோ நினைவகத்தில் ஏறாது, அதன் மேட்களும் செயல்படா. கோப்பை வேறு ஃபோல்டருக்கு மாற்றியிருந்தாலோ, விண்டோஸில் நேரடியாகப் பெயர் மாற்றியிருந்தாலோ, மென்பொருள் அது எங்கே என்று கேட்கும். அப்போது சரியான கோப்பைக் காட்டினால் போதும். இதைவிடச் சிக்கலானது ஒரே பெயர்க் குழப்பம். வேறொரு வேலையின் 'கேப்' (மூடி) என்ற கோப்பு ஏற்கெனவே திறந்திருந்தால், சாலிட்வொர்க்ஸ் உங்கள் ஃபோல்டரில் உள்ளதை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்ளக்கூடும். அளவு மாறியதால் மேட்கள் உடையும். எனவே பாகங்களுக்கு வேலை எண்ணோடு சேர்த்துப் பெயரிடுங்கள்.

இனி மேட்கள். பிளம்மர் பிளாக்கின் மேல்மூடியை அடிப்பாகத்தோடு முகத்துக்கு முகம் ஒட்டவைக்கும் கோயின்சிடென்ட் மேட் வைத்து, இரு போல்ட் துளைகளுக்கும் அச்சுகளை ஒன்றாக்கும் கான்சென்ட்ரிக் மேட் கொடுத்திருக்கிறீர்கள் என்று கொள்வோம். அடிப்பாகத்தில் துளைகளுக்கு இடையே 150 மி.மீ., மூடியில் 150.2 மி.மீ. என்றிருந்தால் இரண்டாவது கான்சென்ட்ரிக் பொருந்தாது. திரையில் இந்த 0.2 மி.மீ. கண்ணுக்குப் படாது, ஆனால் பிழைக் குறிகள் வரிசையாக வந்து நிற்கும். மேட்ஸ் ஃபோல்டரைத் திறந்து, கடைசியாகச் சேர்த்த மேட்டிலிருந்து ஒவ்வொன்றாகச் சப்ரெஸ் செய்துகொண்டே வாருங்கள். எதை நிறுத்தியதும் மற்றவை தெளிகின்றனவோ, முரண்பாட்டில் அதற்குப் பங்கு உண்டு. உடனே அதை அழித்துவிடாமல், 'மெஷர்' கருவியால் இரு பாகங்களிலும் துளை இடைவெளியை அளந்து, தவறான பாகத்தைத் திருத்திய பின் மேட்டை மீண்டும் இயக்குங்கள். குற்றவாளி பெரும்பாலும் மேட் அன்று, பாகத்தின் அளவுதான்.

மேட் ஒன்று தான் பற்றியிருந்த விளிம்பையோ முகத்தையோ இழந்திருந்தால், பாகத்தில் பின்னர் யாரோ ஃபில்லெட் போட்டு விளிம்பை வளைவாக்கியிருக்கலாம். அந்த மேட்டைத் திருத்தத் திறந்து, காணாமற்போனதற்குப் பதிலாக வேறு முகத்தைத் தேர்ந்தெடுங்கள். விளிம்பைவிட முகமோ தளமோ நம்பகமானது.

கடைசியாக, பாகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து மோதுகின்றனவா என்று காட்டும் 'இன்டர்ஃபரன்ஸ் டிடெக்‌ஷன்' ஓட்டிப் பாருங்கள். எம் 12 நட்டின் துளையை 10.2 மி.மீ. என்றும் போல்ட்டை 12 மி.மீ. என்றும் மரை வெட்டாமல் வரைந்திருந்தால் அங்கே மோதல் காட்டும். அதை 'இக்னோர்' செய்துவிட்டு, பித்தளைகளும் (தண்டைச் சுற்றி அமரும் தாங்கிப் பாதிகள்) மூடியும் சேரும் இடத்தில் காட்டும் மோதல்களை மட்டும் திருத்துங்கள்.