ஊமலில் ஒரு தாடையில்லா மீன்

பனங்கிழங்கு கிண்டி முடிந்த வீடுகளில் ஊமல் (முளைத்த பனங்கொட்டையின் ஓடு) குவிந்து கிடக்கும். அடுப்புக்குப் போகுமுன் இரண்டு பாதியை எடுத்து வையுங்கள், ஒரு சகபம்பாஸ்பிஸ் செய்யலாம். பொலிவியாவின் சகபம்பா ஊர்ப்பக்கம் கிடைத்த புதைபடிவ மீன் இது. 1986இல் பெயர் வைத்தார்கள். சுமார் 46 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாக் கடலில் திரிந்தது. நீளம் ஏறத்தாழ 25 சென்ரிமீற்றர். தாடை கிடையாது. தலையை மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு பெரிய எலும்புத் தகடுகள் மூடியிருந்தன. ஊமல் அளவெடுத்ததுபோலப் பொருந்துவது அதனால்தான்.

தேவையானவை: நீளவாக்கில் பிளந்த ஊமல், நனைத்த சார்வோலை (பனையோலை), நீள ஈர்க்கு ஒன்று, காய்ந்த பப்பாசி விதை இரண்டு, பசை, கத்தரிக்கோல்.

1. பூரான் (கொட்டைக்குள் இருக்கும் வெண்பருப்பு) எடுத்த உட்பக்கத்தைச் சுரண்டி, நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் பசை பிடிக்காது. வெளித்தும்பைச் சீமெந்துத் தரையில் தேய்த்து எடுக்கலாம். ஆனால் வழுவழுப்பாக்க வேண்டாம், நிஜக் கவசத்திலும் பொடிப்பொடிப் புடைப்புகள் இருந்தன.

2. தட்டையான பாதி மேலே, குழிந்த பாதி கீழே. இரண்டையும் இறுக ஒட்டிவிடாதீர்கள். பக்கவாட்டில் சிறு இடைவெளி விட்டு, அதில் ஓலைத் துண்டுகளை வரிசையாக ஒட்டுங்கள். செவுளை மூடிய சின்னத் தகடுகள் அவை. முன்னால் வாய் திறந்தே இருக்கட்டும். பல் வைக்க ஆசை வரும், வைக்க வேண்டாம்.

3. கண்தான் முக்கியம். காரின் முன்விளக்குகள் மாதிரி இரண்டும் நேர் முன்னால், பக்கத்தில் பக்கத்தில் வரவேண்டும். பாரை மீனுக்குப் போலக் கன்னத்தில் ஒட்டினால் எல்லாம் போச்சு. ஹெல்சிங்கி அருங்காட்சியகத்திலுள்ள இந்த மீனின் மாதிரியுரு 2022இல் இணையமெங்கும் கேலிப்படமாகச் சுற்றியதே இந்தத் திருதிரு முழியால்தான்.

4. ஓலையை ஈர்க்கில் சுற்றி உடல் செய்து, கவசத்துக்குள் செருகுங்கள். நீண்டு ஒடுங்கிய செதில்களுக்கு ஓலைக் கீலங்கள் போதும். வாலிலிருந்து தலைப்பக்கமாக ஒட்டிக்கொண்டு வந்தால், முன் செதில் பின் செதிலின்மேல் சரியாகப் படியும். பக்கத் துடுப்பு இந்த மீனுக்கு இல்லை.

5. அப்புறம் வால். கவை வால் வெட்டாதீர்கள். ஈர்க்கின் மேலும் கீழும் ஒவ்வோர் ஓலை மடல், நடுவே ஈர்க்கு நீளமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அதன் நுனியில் இன்னொரு குட்டி மடல்.

வண்ணம் பூசாமல் விட்டாலே எனக்குப் பிடிக்கும். பிள்ளைகள் கிணறு வெட்டிய கல்லில் இந்த மீனைத் தேடப் போவார்கள். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மயோசீன் காலத்தது, 2.3 கோடி ஆண்டுகளுக்கு மேல் போகாது. சிப்பி, சங்கு அச்சுகள் அகப்படலாம். அதையும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.