பேவிங் கல்லைப் பாதுகாப்பாக வெட்டிக் காட்சித் தோட்டத்தை முடிப்பது எப்படி

திருகோணமலைப் பக்கம் உப்புவெளியிலோ நிலாவெளியிலோ விடுதி வாசலில், அல்லது நாற்றுமேடையின் முன்பக்கத்தில், ஒரு காட்சித் தோட்டம் அமைக்கிறவர்கள் செடிகளுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது பாதையில் பதிக்கும் பேவிங் கல்லை வெட்டும் வேலைக்கும் கொடுக்க வேண்டும். அந்த வேலையை அவசரமாகச் செய்தால் விளிம்பு கெடுவது ஒருபுறமிருக்க, வெட்டுகிற பிள்ளையின் நுரையீரலும் கெடும். பின்னதை எந்த வைத்தியராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

முதலில் வெட்டுகளைக் குறையுங்கள். 200 மில்லிமீற்றர் நீளமான கற்களை அகலவாட்டில் ஆறாக வைத்தால், மூன்று மில்லிமீற்றர் இடைவெளிகளும் சேர்ந்து பாதை ஏறக்குறைய 1,220 மில்லிமீற்றர் அகலம் வரும். வரைபடத்தில் 1,200 என்று எழுதிவிட்ட ஒரே காரணத்துக்காக வரிசைக்கு ஒரு கல்லை 20 மில்லிமீற்றர் சீவிக்கொண்டிருப்பதைவிட, ஓரக்கல்லை அந்த அளவு தள்ளிப் பதிப்பது எவ்வளவோ மேல். வளைவுகளில் வெட்டாமல் முடியாது. அங்கே முழுக் கற்களை முதலில் பரப்பி, வெட்டுத் துண்டுகள் செடிப் பாத்திப் பக்கம் விழும்படி ஒழுங்குசெய்யுங்கள். மூன்றில் ஒரு பங்கிலும் சிறிய துண்டு நாளடைவில் ஆடிக் கழன்றுவிடும் என்பதால், அப்படி ஒன்று தேவைப்படும் இடத்தில் அதற்கு முந்திய கல்லையும் எடுத்துவிட்டு, அந்த நீளத்தை இரண்டு நடுத்தரத் துண்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இனித் தூசு. கொங்கிரீட்டிலும் கருங்கல்லிலும் சிலிக்கா என்ற கனிமம் இருக்கிறது. வட்டத் தகடு சுழன்று கல்லை வெட்டும் கிரைண்டர் அதை எந்த அளவுக்குப் பொடியாக்குகிறதென்றால், மிகவும் ஆபத்தான துகள்கள் கண்ணுக்கே தெரிவதில்லை; வெண்புகை அடங்கிய பிறகும் அவை காற்றில் நிற்கின்றன. இந்தத் தூசைச் சுவாசிப்பதால் நுரையீரலில் வரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு இன்றுவரை குணமாக்கும் மருந்து இல்லை. சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் இத்தூசைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருளாக 1997ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. அமெரிக்காவில் 2016இல் வந்த விதி, எட்டு மணிநேரச் சராசரியாக ஒரு கனமீற்றர் காற்றில் 50 மைக்ரோகிராமுக்கு மேல் இதை அனுமதிப்பதில்லை. முகத்தில் கட்டிய சாரமோ கைக்குட்டையோ இந்தத் துகளைத் தடுக்காது.

ஆகவே ஈரமாக வெட்டுங்கள். தண்ணீர்த் தட்டு பொருத்திய மேசை வெட்டியோ, தண்ணீர்க் குழாய் இணைக்கக்கூடிய பெற்றோல் வெட்டியோ வாடகைக்கு எடுக்கலாம். கையில் பிடித்து வெட்டும் வெட்டிக்கு நிமிடத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் பாய வேண்டும். சாதாரண மின் கிரைண்டரின் மீது ஒருவர் போத்தலால் தண்ணீர் ஊற்ற மற்றவர் வெட்டும் வழக்கத்தை நான் கண்டிப்பாக எதிர்க்கிறேன், ஏனெனில் அந்த இயந்திரம் தண்ணீருக்காகச் செய்யப்பட்டதன்று. மின்சாரத்தில் ஓடும் எந்த வெட்டியையும் மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாகவே இணைத்து, தொடங்குமுன் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஈரமாக வெட்டும்போதும் நுண்தூசைத் தடுக்கும் என்95 அல்லது அதனிலும் உயர்ந்த எஃப்எஃப்பி3 தர முகக்கவசம் வேண்டும். தாடி இருந்தால் கவசம் முகத்தோடு பொருந்தி நிற்காது. கண்ணாடி, காதடைப்பான், மூடிய சப்பாத்து ஆகியவையும் அவசியம். செருப்புக் காலோடு எவரையும் வெட்டவிடாதீர்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது பக்கவாட்டில் கடந்து போகும்படி நில்லுங்கள். காற்றுப் போகும் திசையில் யாரும் உட்கார்ந்திருக்கக் கூடாது.

வைரத் துகள் பதித்த வெட்டுத் தகடான டயமண்ட் பிளேட்டில் எழுதியுள்ள சுழற்சி வேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறையாமலும், அம்புக்குறி சுழலும் திசையிலும் இருக்க வேண்டும். பாதுகாப்பு மூடியைக் கழற்றவே கூடாது. பென்சில் கோடு தண்ணீரில் அழிந்துவிடும் என்பதால் மெழுகு வண்ணக்கோலால் கோடு போடுங்கள். கல்லைக் காலால் மிதித்துப் பிடிக்காமல் அசையாத தளத்தில் வைத்து, முதலில் ஐந்து மில்லிமீற்றர் ஆழத்துக்குத் தடம் போட்டு, பின்பு அதே தடத்தில் படிப்படியாக இறக்குங்கள். வெட்டுக்குள் பிளேட்டைத் திருப்பினால் இயந்திரம் உங்கள் பக்கமே எகிறும்.

வெட்டி முடிந்ததும் ஒரு சிறு வேலை இருக்கிறது, பலர் விட்டுவிடுவது. மற்றக் கற்களின் மேல்விளிம்பு சற்றே சரிந்திருக்க, வெட்டிய பக்கம் மட்டும் கத்தி போல நிற்கும். ஒரு கழிவுத் துண்டை நனைத்து, அந்த விளிம்பில் சாய்வாகப் பிடித்து இரண்டு மில்லிமீற்றர் அளவுக்கு உரசி எடுத்தால், விரலை ஓட்டும்போது எது வெட்டிய கல் என்று தெரியாது.

வெட்டும்போது கல்லில் படியும் சேறு காயுமுன் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடற்கரை ஓரத்து உவர்க் கிணற்று நீர் வெண்திட்டு விடும். அந்தச் சேறு காரத்தன்மை உடையது என்பதால் வடிகானில் விடாமல் ஒரு குழியில் தேக்கி, தெளிந்து இறுகியபின் அள்ளுங்கள். காய்ந்த தூசை விளக்குமாற்றால் கூட்டாதீர்கள்.

ஓரக்கல்லின் பின்புறம் கொங்கிரீட் அணைத்து, அது இறுகியபின் கற்களை இறப்பர் விரிப்புப் போட்ட கொம்பெக்டரால் (அதிர்ந்து அழுத்தும் இயந்திரம்) அழுத்தி, காய்ந்த ஆற்று மணலை இடைவெளிகளில் நிரப்புங்கள். கடல் மணல் வேண்டாம். தண்ணீர் ஓட மீற்றருக்கு 12 மில்லிமீற்றர் சரிவு போதும். பாத்தி மண் கல்லின் மட்டத்துக்கு மூன்று சென்ரிமீற்றர் தாழ்ந்திருந்தால்தான் ஐப்பசி மழையில் அது பாதைக்கு வழிந்து வராது. பாத்தி மண்ணின் மேலே தேங்காய் மட்டைத் துண்டுகளைப் பரப்பலாம்.

நித்தியகல்யாணியும் போகன்விலாவும் உப்புக்காற்றைத் தாங்கும். திருகோணமலை நகரின் பிரெட்றிக் கோட்டைப் பக்கத்தில் தோட்டம் என்றால் புள்ளிமான்கள் வந்து மேயும் என்பதை மறக்க வேண்டாம். அவை தொடாத அலரி நச்சுச்செடி ஆதலால், பிள்ளைகள் கை எட்டாத பின்வரிசையில் மட்டும் அதை வையுங்கள். பூச்சாடித் தட்டுகளில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். காட்சிக்கு வைக்கும் சாடிகளுக்குத் தட்டே தேவையில்லை.

முதல் பெருமழைக்குப் பின் இடைவெளி மணல் தாழ்ந்திருக்கும். கல் நன்றாகக் காய்ந்த ஒரு நாளில் மறுபடி மணல் தூவி நிரப்பிவிடுங்கள்.